குளிர்ந்த நீருக்கு வெட்சூட்டா, டிரைசூட்டா? இரண்டையும் பல வருடம் போட்ட பிறகு

குளிர்ந்த நீரில் டைவ் போகக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீர் எத்தனை டிகிரி என்றுதான். நான் அதோடு இன்னும் இரண்டு கேட்பேன்: ஒரு நாளைக்கு எத்தனை டைவ்? இடையில் உட்காரும் படகில் காற்றுக்கு மறைப்பு உண்டா? 7 மி.மீ. வெட்சூட்டில் (நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உடை, உள்ளே கொஞ்சம் நீர் புகும்) பல வருடம், அப்புறம் டிரைசூட்டில் (உடம்பு நனையாமல் காக்கும் உடை) பல வருடம் இறங்கிய பிறகு, எது வேண்டும் என்பதை இரண்டாவது டைவ்தான் தீர்மானிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

12, 13 டிகிரியில்கூட, உடம்போடு சரியாக ஒட்டும் வெட்சூட்டும் தலையை மூடும் ஹூடும் இருந்தால் முதல் டைவ் பெரிய சிரமமில்லாமல் முடிந்துவிடும். குளிரைத் தடுப்பது நியோப்ரீனுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள். ஆழம் கூடக் கூட அவை நசுங்குகின்றன. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. தண்ணீர் அதிகம் குளிரும் இடத்தில்தான் சூட் மெலிந்து போகிறது. மேலே வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ஈர சூட்டோடு காற்றில் உட்கார்ந்தால், ஆவியாகும் நீர் உடம்புச் சூட்டையும் கொண்டுபோய்விடும். அதே சூட்டோடு மறுபடி இறங்கினால் சீக்கிரமே விரல் மரத்துவிடும், கொக்கியை மாட்டக்கூட முடியாது. நடுங்க ஆரம்பித்தால் டேங்கில் காற்றும் வேகமாகக் குறையும். மேலேறும்போது உடம்பு குளிர்ந்திருந்தால் கை கால்களில் ரத்த ஓட்டம் குறைந்து, நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும். இதை வெறும் சௌகரியப் பிரச்சினையாக நான் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

டிரைலேமினேட் எனும் மெல்லிய அடுக்குத் துணி வகை டிரைசூட்டின் துணியில் கதகதப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. அது உள்ளே போடும் உடையிலிருந்தும், அதில் தங்கும் காற்றிலிருந்தும் வருகிறது. உள்ளுடையை மாற்றினால் ஒரே சூட் 5 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் பொருந்தும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆனால் கையையும் தலையையும் தனியாகக் கவனிக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கி எதையாவது இறுக்கிப் பிடித்தால் தசைநாண் புடைத்து, மணிக்கட்டு சீலுக்கு (தண்ணீர் புகாமல் இறுகப் பிடிக்கும் பட்டை) அடியில் உண்டாகும் இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர் கசியவும் செய்யும்.

டிரைசூட்டில் மிதப்பைக் கட்டுப்படுத்துவது பழக வேண்டிய சமாச்சாரம். இறங்கும்போது சூட் உடம்பைப் பிடிக்கும், மார்பு வால்வில் காற்று விட வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும், இடது மேற்கை வால்வை உயர்த்தி வெளியேற்ற வேண்டும். தலைகீழானால் காற்று முழுவதும் காலுக்குப் போய், ஆளைப் பாதம் முதலாக மேலே இழுக்கும். எடையும் கூடுதலாகக் கட்ட வேண்டும், நீந்தும்போது இழுவையும் அதிகம். பயிற்சி இல்லாதவர் பயணத்திலேயே முதல்முறை போட்டுப் பார்ப்பது வேண்டாம். அவருக்குத் தடித்த செமி-டிரை சூட் (நீர் மிகக் குறைவாகவே புகும் வெட்சூட்) போதும், டைவ் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பில் வெட்சூட்டுக்கு நிகரில்லை. கிழிந்தால் நியோப்ரீன் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் இறங்கலாம். டிரைசூட்டின் லேட்டக்ஸ் கழுத்து சீல் கிழிந்தால் அன்றைய டைவ் போச்சு. வெயில், சன்ஸ்க்ரீன் எண்ணெய் இரண்டும் லேட்டக்ஸுக்கு ஆகாது. பித்தளை ஜிப்புக்கு மெழுகு தடவ வேண்டும், அதை மடித்து வைக்கவே கூடாது. அப்புறம், சிறுநீர் வந்துவிடுமே என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத டிரைசூட்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீர்ச்சத்து குறைந்த உடம்போடு டைவ் போவது புத்திசாலித்தனமில்லை.

18 டிகிரிக்கு மேல் டிரைசூட் எனக்குச் சுமைதான். 10 டிகிரிக்குக் கீழே வெட்சூட்டை எடுக்க மாட்டேன். இடைப்பட்ட நீரில், கரையிலிருந்து ஒரே டைவ், முடிந்ததும் உடை மாற்ற இடம் உண்டு என்றால் வெட்சூட். திறந்த படகு, நாளைக்கு இரண்டு மூன்று டைவ், அதுவும் தொடர்ந்து பல நாள் என்றால் டிரைசூட். வாடகைக்கு எடுப்பதானால் மணிக்கட்டு, கழுத்து சீல்களை இழுத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் வேறு கேளுங்கள். இரண்டு வால்வையும் அழுத்திப் பார்த்து, ஜிப் கடைசிவரை மூடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.