அழிந்த உலகத்துக்கு ஜந்து படைப்பது: பகடை, வேஷம், உயிரியல்

பேரழிவுக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் (ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) வேற்றுக்கிரக ஜந்துகளை உருவாக்க, கதையை நடத்தும் கேம் மாஸ்டர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

முதலாவது பகடை. உடல், ஆயுதம், பலவீனம் என்று மூன்று அட்டவணை, ஒவ்வொன்றிலும் 20 வரி. 20 முகப் பகடையை மூன்று முறை உருட்டினால் 8,000 சேர்க்கைகள். கேட்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் எட்டுக் கால் ஜந்தும் இறக்கை ஜந்தும் ஓடிவந்து கடிக்கத்தான் போகின்றன என்றால், ஆடுபவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தோற்றம் மாறினால் போதாது, அவர்கள் யோசிக்கும் விதம் மாற வேண்டும்.

இரண்டாவது, ஆட்டத்தின் விதிநூலில் ஓநாய்க்குக் கொடுத்திருக்கும் எண்களுக்கு (தாக்கும் பலம், தாங்கும் சக்தி போன்றவை) வேறு வேஷம் போடுவது. எண்கள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை என்பதால் சண்டை சமநிலை கெடாது. அவசரத்துக்குக் கைகொடுக்கும். பழகிய ஆட்டக்காரர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: அது எதைத் தின்னும், இரையை எப்படி அறியும் என்று உயிரியலில் தொடங்குவது. குழி விரியன் பாம்புகளுக்குக் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி உண்டு. அந்தப் புலனை ஒரு வேற்றுக்கிரக வேட்டை விலங்குக்குக் கொடுத்துப் பாருங்கள். இரவுப் பயணம் தற்கொலை. உச்சி வெயிலில் இடிந்த சுவர்களெல்லாம் மனித உடலின் சூட்டுக்கு வந்துவிட்டால், அதற்கு ஆளும் சுவரும் வேறுபடாது. கஷ்டப்பட்டுத் தேடிய ஜெனரேட்டரை ஓடவிட்டால் அதுவே ஜந்தை வரவழைக்கும். பீப்பாயில் தீ மூட்டித் திசைதிருப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த யோசனை எந்த அட்டவணையிலும் இருக்காது.

பெரிய ஜந்து வேண்டுமா? வடிவம் மாறாமல் நீளம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்கு, காலின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான், அதனால் பெரிய உடலைக் கால்கள் தாங்குவது கடினம். ஈர்ப்பு குறைந்த கிரகத்திலிருந்து வந்தது என்றால் பூமியில் அதற்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். அப்புறம் மேல்தளங்கள்தான் ஆட்டக்காரர்களின் புகலிடம்.

இதற்கு நேரம் பிடிக்கும், உண்மைதான். அதனால் ஒரு கதைக்கு இரண்டு ஜந்துகளை மட்டும் இப்படிச் செதுக்கினால் போதும். முதல் யோசனைக்குப் பகடையை உருட்டுங்கள், ஒரே காட்சியில் வந்துபோகும் சில்லறை ஜந்துகளுக்கு ஓநாயின் எண்களே தாராளம். செதுக்கிய இரண்டில் ஒன்றை மற்றதன் இரையாக வைத்துவிட்டால், ஆட்டக்காரர்கள் ஒன்றை வைத்து இன்னொன்றைப் பிடிக்கத் திட்டம் போட ஆரம்பிப்பார்கள்.