டிஸ்சார்ஜ் சம்மரியில் ஓர் எழுத்து மாறினால்

பில்லுக்குப் பணம் கட்டும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு வரி விடாமல் வாசித்துவிடுங்கள். நான் வாசிக்கவில்லை.

பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம். தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம். வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். கால் தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் 'சாவி' என்று வரும். தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார்.

மருத்துவர் கேஸ் ஷீட்டில் கையால் எழுதியது 'டிஸ்ஃபேசியா'. மொழித்திறன் பாதிப்பு. டைப் அடித்தவர் எஸ் எழுத்துக்குப் பதில் ஜி போட்டு 'டிஸ்ஃபேஜியா' ஆக்கிவிட்டார். அதற்கு விழுங்குவதில் சிரமம் என்று அர்த்தம். குறியீடு போட்டவரும் கேஸ் ஷீட்டைப் புரட்டவில்லை. நோய்களுக்குக் குறியீடு தரும் ஐசிடி-10 பட்டியலில் டிஸ்ஃபேசியாவுக்கான ஆர்47.0 வர வேண்டிய இடத்தில் டிஸ்ஃபேஜியாவுக்கான ஆர்13 ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்த அன்றே ராகிக் களியை இடது கையால் உருட்டி உருட்டி உள்ளே தள்ளிய மனுஷன் அவர்!

ஸ்பீச் தெரபி பில்லை அனுப்பியதும் இன்சூரன்ஸ் கம்பெனி நிராகரித்துவிட்டது. சம்மரியில் பேச்சுப் பாதிப்பு என்று எங்குமே இல்லையாம். விழுங்கப் பழக்குவதும் தெரபிஸ்ட் வேலைதான், ஆனால் அவர் குறிப்பில் இருப்பதெல்லாம் சொல் தேடும் பயிற்சி. இரண்டும் ஒட்டவில்லை.

திருத்தித் தரச் சொல்லிப் போனால், ரெக்கார்டு ரூமில் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்த தப்புக்கு நான் பணம் கட்டினேன், அதுதான் இன்னும் எரிகிறது. பன்னிரண்டு நாள் அலையவிட்டு, நீலப் பேனாவால் ஜி மேல் எஸ் எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவர் கையெழுத்து இல்லை, தேதி இல்லை. அதுவும் திரும்பி வந்தது.

அப்புறம்தான் ஒரு நர்ஸ் அக்கா விவரம் சொன்னார். நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்து, கடிதத்தின் நகலில் சீல் வாங்கினேன். மூன்றாம் நாள் கேஸ் ஷீட் நகல் கைக்கு வந்தது. அதைக் காட்டிய பிறகு, மருத்துவர் கையெழுத்தும் தேதியும் போட்ட புது சம்மரி கிடைத்தது.

பணம் மட்டும் இல்லை. பேச்சு இப்படியே நின்றுவிட்டால் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் இதே தாளோடுதான் போக வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாட்டுக்கு உதாரணமாகச் சொல்லியிருப்பதில் அஃபேசியாவும் ஒன்று, அதாவது மூளை பாதிப்பால் மொழித்திறன் போவது. டிஸ்ஃபேசியாவும் அதே வகை.

கிளெய்ம் மறுபரிசீலனையில் இருக்கிறது. அந்த 2,000 ரூபாய்க்கு ரசீது கேட்டு இரண்டு முறை போய்விட்டேன், "சார் வெளியே போயிருக்கார்" என்கிறார்கள்.