அண்ணை அணி மாறுவதா, ஊரிலேயே நிற்பதா?

உதைபந்தாட்ட விலகல் சுற்றுத் தொடங்க ஒரு கிழமை இருக்க, கிளிநொச்சிப் பக்கத்துக் கழகமொன்று எங்கட முல்லைத்தீவு ஊரின் மூத்த பின்கள வீரரான அண்ணையைத் தங்களுக்கு ஆட வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது.

போனால்? ஹென்ரிக் லார்சன் 2007 ஜனவரியில், 35 வயதில், சுவீடன் கழகமொன்றிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கடன் அடிப்படையில், கொஞ்சக் காலத்துக்கு மட்டும், ஆடப் போனார். முதல் ஆட்டத்திலேயே கோல். அங்கேயே நிற்கக் கேட்டும், தன் பழைய கழகத்துக்குச் சொன்ன சொல்லுக்காக மார்ச்சில் திரும்பினார். அந்தப் பருவம் யுனைடெட் லீக்கை வென்றது. ஆனால் அவர் முன்கள வீரர், பக்கத்தில் ரூனியும் ரொனால்டோவும். பின்களம் அப்படியில்லை. கோல்காப்பாளர் எப்போது முன்னுக்கு வருவார், பக்கத்தில் நிற்பவன் எந்தக் காலால் அடிப்பான் என்பதெல்லாம் ஒரு கிழமையில் பழகுகிற விஷயமல்ல.

நின்றால்? பிரான்செஸ்கோ டொட்டி 1993 முதல் 2017 வரை இத்தாலியின் ரோமா கழகத்திலேயே ஆடினார். லீக் பட்டம் 2001இல் ஒன்றே ஒன்று. அண்ணைக்கு அதுவும் கிடைக்காமல் போகலாம். ஆனால் இடம்பெயர்ந்து திரும்பி வந்த நேரம், பற்றை வெட்டி இந்த மைதானத்தைத் துப்புரவாக்கின கைகளில் அவருடையதும் ஒன்று. அவர் சத்தம் போட்டால்தான் எங்கட பொடியள் இடம் பிசகாமல் நிற்பார்கள்.

"அண்ணை, இந்த முறை நில்லுங்கோ" என்றுதான் நான் கேட்பேன். அடுத்த பருவம் தொடங்கேக்க போகட்டும். வழியனுப்ப நானே வருவேன்.