கல்லடி ஒழுங்கைக் கராஜில் ஓட்டோ கியர் ஒயில் மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. நான்கு கியர் ஓட்டோ, கிளச் மிதிக்காமல் தானாகக் கியர் மாறும் வகை. 2017இல் வாங்கினேன். அன்றிலிருந்து எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றி வந்திருக்கிறேன். கியர் ஒயிலை ஒரு தடவைகூட மாற்றவில்லை. எனக்கு முன்பு வைத்திருந்தவர் மாற்றியதற்கும் எந்தச் சீட்டும் இல்லை. "ஓட்டோ கியர் ஒயிலில மட்டும் கை வைக்காதீங்க டீச்சர், வைச்சா கியர் பொக்ஸ் போயிரும்" என்று வாங்கிய நாளிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். எட்டு வருடம் அதை நம்பியிருந்தேன்.

என் பள்ளிக்கூடம் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஆயித்தியமலைப் பக்கம். கல்லடியிலிருந்து டவுனுக்குள் வந்து, வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு வழியாகப் போக வேண்டும். போக வர நாற்பது கிலோமீற்றருக்கு மேல். காலையில் டவுன் நெரிசலில் நின்று நின்று போகும் பயணம், பகல் ஒன்றரை மணிக்கு கொதிக்கும் வெயிலில் திரும்பும் பயணம். கியர் பொக்ஸுக்கு இதுவே கடும் உழைப்பு என்பது எனக்கு அப்போது தெரியாது.

2025 ஏப்ரல் விடுமுறையில் குடும்பமாகக் கண்டிக்குப் போனோம். செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று நல்லபடி ஓடிய கார், பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறும்போது ஒரு குணம் காட்டியது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் ஓவென்று இரைந்தது. கார் இழுக்கவில்லை. ஒரு விநாடி கழித்து ஒரு உதறலோடு கியர் பிடித்தது. பின்னால் அம்மாவும் பிள்ளைகளும். அடுத்த வளைவிலும் அதே. ஹுன்னஸ்கிரியாவில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் போனோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் வரியெல்லாம் சேர்த்து வரும் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. இந்தக் காரையே இன்னும் பத்து வருடம் ஓட்டியாக வேண்டும். அதனால்தான் இந்த விடயத்தை விடாமல் விசாரித்தேன்.

முதலில் போனது டவுனில் இருக்கும் பெரிய இடம் ஒன்று. பெயர் வேண்டாம். பொனற்றைத் திறக்கவே இல்லை. மெஷின் போட்டு முழு ஒயிலையும் ஒரே தடவையில் அடித்து எடுத்துவிடலாம், முப்பத்தெட்டாயிரம் என்றார்கள். என்ன ஒயில் என்று கேட்டேன். ஒரு பீப்பாயைக் காட்டி "எல்லா ஓட்டோவுக்கும் இதுதான்" என்றார்கள். பீப்பாயில் ஒரு எழுத்தும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் கூடப் படிப்பிக்கும் சேர் ஒருவர் இந்தக் கராஜைச் சொன்னார். கல்லடிப் பாலம் தாண்டி கல்முனை வீதியில் வந்து, கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. தகரக் கொட்டில், ஒரு வேப்பமரம், சீமெந்துத் தரையில் கார் ஏற்றும் குழி. மெக்கானிக் பாஸுக்கு அறுபது வயது இருக்கும். கூட ஒரு பெடியன்.

இவர் செய்த முதல் காரியம் என்னைக் காரை ஓட்டச் சொன்னது. பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாவற்குடா வரை போய்த் திரும்பினோம். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, கியர் மாறும் சத்தத்தை மட்டும் கேட்டார். கராஜுக்கு வந்ததும் மட்டமான தரையில் நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்காமல், கியர் தடியை நிறுத்திவைக்கும் 'பீ'யிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக இரண்டு மூன்று விநாடி நிறுத்தி இறக்கி, திரும்ப 'பீ'க்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகுதான் அளவுக் கம்பியை இழுத்தார். ஓட்டோ கியர் ஒயிலை எஞ்சின் ஓடும்போது, ஒயில் சூடாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கம்பியில் குளிருக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு. எஞ்சின் ஒயில் மாதிரி காலையில் நிறுத்திவைத்துப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். எட்டு வருடம் வைத்திருந்த காரில் இந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளைத் துணியில் ஒயிலைத் துடைத்துக் காட்டினார். புதிய ஒயில் நல்ல சிவப்பு. என்னுடையது கறுத்த தேயிலைச் சாயம். மூக்கில் வைத்து முகர்ந்தார், என்னையும் முகரச் சொன்னார்.

"கறுத்துத்தான் போயிருக்கு. ஆனா எரிஞ்ச மணம் இல்ல டீச்சர். உள்ளுக்க கியரைப் பிடிக்கிற கிளச் தட்டு இன்னும் இருக்கு, காப்பாத்தலாம்."

நான் பயந்து பயந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். கை வைத்தால் பொக்ஸ் போய்விடும் என்கிறார்களே? அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். மனுவல் காரில் கியர் ஒயிலின் வேலை பற்களை வழுக்க வைப்பது மட்டும்தான். ஓட்டோவில் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவதே ஒயில்தான். எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் ஒயில் சுழன்றுதான் கார் நகர்கிறது. ஒயிலின் அழுத்தம்தான் கிளச் தட்டுகளைப் பிடிக்க வைக்கிறது. சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஒயில். சூடு பட்டுப் பட்டு அது பதம் கெட்டால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. தட்டு தேய்ந்த தூள் ஒயிலில் கலந்து வால்வுகளுக்குள் போய் அடைக்கும். ஆட்கள் பத்துப் பதினைந்து வருடம் விட்டுவிட்டு, வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒயில் மாற்ற ஓடி வருகிறார்கள். தட்டு ஏற்கெனவே முடிந்துபோன பொக்ஸ் இரண்டு கிழமையில் நிற்கிறது. பழி புது ஒயிலின் மேல் விழுகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, இத்தனை வருடம் விட்டுவிட்டேனே என்று கவலையாகவும் இருந்தது.

மெஷினைப் பற்றியும் கேட்டேன். ஒழுங்காக மாற்றிவந்த காருக்கு மெஷின் போட்டால் ஒன்றும் ஆகாது என்றார். எட்டுப் பத்து வருடம் கிடந்த பொக்ஸில் அப்படி அடித்தால் மூலையில் படிந்த ஊத்தை கிளம்பி வால்வுக்குள் போகலாம். என் காருக்கு அவர் சொன்ன வழி, கீழே உள்ள போல்ட்டைக் கழற்றி வருகிற ஒயிலை விட்டு, அதே அளவு புதியதை ஊற்றி, ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்ப அதையே செய்வது. மூன்று தடவை. இந்தப் பொக்ஸில் மொத்தம் ஏறத்தாழ ஏழு லீற்றர். போல்ட்டைக் கழற்றினால் மூன்று லீற்றர் அளவில்தான் வரும், மிச்சம் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவையில் நூற்றுக்கு 43 பங்கு புதிது, இரண்டாவதில் 67, மூன்றாவதில் 81. போதும்.

ஒயிலை அவர் தரவில்லை. என்னையே வாங்கி வரச் சொன்னார், பெயரைத் துண்டில் எழுதித் தந்தார்: டொயோட்டா டைப் டி-ஃபோர். டபிள்யூ.எஸ். என்று சிலர் தருவார்கள், அது வேறு, இன்னும் மெல்லிய ஒயில், இதோடு கலக்காதீர்கள் என்றார். அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் டபிள்யூ.எஸ். வெகன் ஆர், ஹைபிரிட் அல்லாத புதிய அக்சியோ எல்லாம் பற்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. அவற்றுக்கு சி.வி.டி. ஒயிலே வேறு, அதற்குள் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பொக்ஸே போய்விடும். பீப்பாயைக் காட்டி "எல்லாவற்றுக்கும் இதுதான்" என்று சொன்ன இடத்தை நினைத்தபோது உடம்பு நடுங்கியது.

முதல் தடவை பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் கீழ்த்தட்டையும் கழற்றினார். தட்டுக்குள் காந்தத் துண்டுகள் இருக்கின்றன, இரும்புத் தூளைப் பிடித்துவைக்க. அவற்றில் கறுப்புப் பசை மாதிரி மெல்லிய படலம். விரலால் தேய்த்துக் காட்டினார். நைஸாக இருந்தால் வயதால் வந்த தேய்மானம், பயமில்லை. மினுமினுக்கும் சில்லுகளோ துண்டுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, ஒயிலுக்குக் காசைக் கரைக்காதீர்கள் என்றார். என்னுடையது பசைதான். ஒயிலை வடிகட்டும் வடியை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, புதிய கேஸ்கட் போட்டுப் பூட்டினார்.

வெளியே வந்த பழைய ஒயிலை அளவுப் போத்தலில் ஊற்றி என் கண்முன்னே அளந்தது எனக்கு மிகவும் பிடித்தது. 3.2 லீற்றர். அதே 3.2 உள்ளே போனது. ஒயில் கூடினாலும் பிழைதான், சுழலும்போது நுரைத்து அழுத்தம் விழும். பிறகு திரும்பவும் ஓட்டம், திரும்பவும் கம்பி.

இரண்டாம் தடவை ஜூன் மாதம், 2.9 லீற்றர். மூன்றாம் தடவை ஓகஸ்ட் விடுமுறையில், அதுவும் 2.9. மூன்றாம் தடவை வெளியே வந்த ஒயிலைப் பெடியன் வெயிலில் தூக்கிப் பிடித்தான். செம்மண் நிறம், உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

செலவு: நான்கு லீற்றர் டின் இரண்டு, 35,000 ரூபாய். ஒரு லீற்றர் போத்தல் 4,600. கேஸ்கட் 3,200. கூலி முதல் தடவை 4,000, அடுத்த இரண்டு தடவையும் 1,500 வீதம். எல்லாமாக 49,800. டவுனில் கேட்டதை விடக் கூடத்தான். ஆனால் எந்த ஒயில் எவ்வளவு போனது என்று ஒவ்வொரு துளிக்கும் எனக்குக் கணக்குத் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, பதினொன்றுக்குத்தான் என் காரில் கை வைத்தார். பெண்கள் உட்கார ஒழுங்கான இடம் இல்லை, மலசலகூடமும் இல்லை. பில் எழுதித் தரும் வழக்கம் இல்லை, நான் கொப்பியை நீட்டிய பிறகுதான் எழுதிக் கையெழுத்து வைத்தார். இரண்டாம் தடவை போல்ட்டின் வொஷரை மாற்றாமல் பழையதையே போட்டுவிட்டார்கள். மறுநாள் போர்ட்டிக்கோவில் தரையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவப்பு. கோல் எடுத்தேன். பின்னேரம் பெடியனை வீட்டுக்கே அனுப்பி, புதிய வொஷர் போட்டு, சிந்திய அளவைப் பார்த்து ஊற்றிவிட்டுப் போகச் சொன்னார். காசு வாங்கவில்லை. பிழையை உடனே ஒத்துக்கொண்ட விதத்தால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது.

இன்னொன்று. என் கார் நின்ற அன்று, 2024 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார் ஒன்றும் அங்கே நின்றது. அதன் கம்பியில் வந்தது பாலூற்றிய ரோஸ் நிறம். ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கிளச் தட்டின் பசையையே கழற்றிவிடுமாம். வெள்ளம் வந்தது மட்டும் இல்லை, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குழாய் ஓட்டையானாலும் இதே நிறம் வரும் என்றார். மாரி தொடங்கினால் முழங்கால் தண்ணீரில் ஓட்டுகிற ஊர் நமது. வெள்ளம் வடிந்ததும் எஞ்சின் ஒயிலோடு இந்தக் கம்பியையும் ஒருதரம் இழுத்துப் பாருங்கள்.

கார் இப்போது எப்படி? ஓகஸ்ட் கடைசியில் அதே பதினெட்டு வளைவை அதே ஆட்களோடு ஏறினேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது அந்த இரைச்சல் இல்லை. காலையில் குளிரில் ஓடுவதற்கு 'டீ'யில் போடும்போது மட்டும் இன்னும் ஒரு சின்ன உதறல் இருக்கிறது. அது முழுதாகப் போகாது என்று பாஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அடுத்தது 40,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு என்று பொனற்றுக்குள் வெள்ளை மையால் எழுதிவிட்டிருக்கிறார். 80,000 வரை விடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வெயிலுக்கும் நின்று நின்று போகும் ஓட்டத்துக்கும் நான் 40,000ஐத்தான் பிடித்துக்கொள்வேன். போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள், முதல் நாளே கோல் எடுத்துச் சொல்லுங்கள், டின்னைக் கடையில் உங்கள் முன்னாலேயே முத்திரை பார்த்து வாங்கிக்கொண்டு போங்கள். குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோங்கள்.