கத்திவாக்கத்தில் இரண்டு ரயில் பெட்டிகள்: 4 வருடம் நடத்திப் பார்த்ததில்

2021 கடைசியில் வாங்கினோம். கழித்துக் கட்டிய இரண்டு ஸ்லீப்பர் பெட்டிகள். பெட்டிக்கு 3 அறையாகத் தடுத்து, தங்கலும் காலைச் சாப்பாடுமாக ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். நான் மெத்தையைப் பார்த்தேன், ஏசி போட்டுப் பார்த்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

அப்புறம்தான் அண்ணன் வந்தார். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "இன்னா பாப்பா, கக்கூஸ் பக்கம் குனிஞ்சு பாத்தியா?" என்றார். சின்னச் சுத்தியலோடு அடியில் புகுந்து தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. கழிவறை மூலையிலும் கதவடியிலும் பொத்துப் பொத்தென்று சத்தம். ஒரு இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் செய்த பழைய பெட்டிகளில் முதலில் துருப்பிடிப்பது அங்கேதானாம். தரைத் தகடு வரிவரியாகப் பள்ளம் வைத்தது. மேலிருந்து கசியும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, வெளியே தெரியாமல் அரிக்கிறது. இதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தோம். குறைத்த பணம் முழுக்க வெல்டிங்கில் போனது வேறு கதை.

பெட்டி செய்த இரும்பு கார்ட்டன் வகை. மேலே படியும் மெல்லிய துருவே உள்ளிருப்பதைக் காப்பாற்றும் என்பார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் சரி. எண்ணூர் உப்புக்காற்றில் அந்தப் படிவு நிற்பதே இல்லை. வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேல்பூச்சும் கொடுத்தாக வேண்டும். இரண்டு பெட்டிக்கும் சேர்த்துப் போன வருடம் 70,000 ரூபாய் ஆனது. வாங்கும்போது இந்தச் செலவை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெயில் இன்னொரு தொல்லை. ஒரு பெட்டி 21 மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அகலம் 3.25 மீட்டர், சித்திரையில் அது அடுப்பில் வைத்த தோசைக்கல். மேலே தகரக் கொட்டகை போட்ட பிறகுதான் ஏசி மூச்சு விட்டது. படம் எடுக்கிறவர்களுக்குக் கொட்டகை பிடிக்காது. கரண்ட் பில் கட்டுகிறவள் நான்.

வருகிறவர்களுக்கு அது ரயிலாகவும் இருக்க வேண்டும், வீடு மாதிரித் தூக்கமும் வர வேண்டும். அப்பர் பெர்த்தை எடுக்கவே கூடாது என்பார்கள். ராத்திரி அதில் படுக்க ஆள் இருக்காது. பழைய ஃபேன் ஓடவில்லை என்று சீப்பை விட்டுத் தள்ளிப் பார்த்தவர்களும் உண்டு. எப்படி ஓடும்? ரயிலில் அது 110 வோல்ட் டிசி, வீட்டில் 230 ஏசி. அழகுக்கு விட்டுவைத்திருக்கிறோம். நாம் பெட்டியையே போகி என்கிறோம். ரயில்வேக்காரர்களுக்குப் போகி என்றால் அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி. அது ஒன்றே சுமார் 6 டன். எங்களுடையதில் அது கிடையாது, பெட்டி கான்கிரீட் திண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் நடுராத்திரி நிலக்கரி கூட்ஸ் போகும்போது கட்டில் லேசாக அதிரும். முதல் வருடம் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கென்றே வருகிறார்கள்.

பாதிப் பேர் ரயில் பைத்தியங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனைப் பார்க்கப் போவார்கள், மறுநாள் ஐசிஎஃப் பக்கத்து மியூசியம். குளிர்காலத்தில் பழவேற்காட்டுப் பூநாரைக்காகச் சிலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் கலந்தபோது இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் பட்டதற்கு முன் எங்கள் நஷ்டம் ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும், அது பழகிவிட்டது. சாப்பாடு இட்லி, வடகறி. முதல் நாள் மீன் குழம்பு மிச்சம் இருந்தால் அதுவும். ஆன்லைனில் எங்களுக்கு விழுந்த நல்ல மார்க்கில் பாதி அந்தக் குழம்புக்குத்தான்.

வார நாளில் 2 அறை நிரம்பினால் பெரிது. சனி ஞாயிறுதான் தூக்கிவிடுகிறது. கடன் தவணை போக எங்கள் இருவர் குடும்பம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு பெட்டி விலைக்கு வந்திருக்கிறது. அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது, குனிய முடியாது. சுத்தியலை என் கையில் கொடுத்திருக்கிறார்.