ஹோண்டா சிஎக்ஸ்500: அழகில்லாத வண்டி, அருமையான எஞ்சின்

அழகு பார்த்து பைக் வாங்குகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஜெர்மனியில் இதைச் சாணிக்கரைசல் இறைக்கும் பம்பு என்றே கேலி செய்தார்கள். லண்டனில் கூரியர் ஓட்டியவர்களோ தேடிப்பிடித்து வாங்கினார்கள். இங்கிலாந்தில் பழைய வண்டி ஒன்றைப் பல வருடங்களாக வைத்திருக்கும் நான் கூரியர்காரர்கள் கட்சி.

1978-ல் வந்த வண்டி. 497 சிசி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), ரேடியேட்டர், பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட், டியூப்லெஸ் டயர். நடுத்தர வண்டியில் அன்றைக்கு இதெல்லாம் அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்தது சிலிண்டர் ஹெட்டுகள், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடிகள். இரண்டையும் 22 டிகிரி திருப்பி வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர்கள் உள்ளே ஒதுங்கிவிடுவதால் முழங்காலில் இடிப்பதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்கு மேலே இருந்தால் இப்படித் திருப்புவது பெரிய தலைவலி. அதனால் அதைக் கீழே வைத்து, அதன் அசைவை மேலே வால்வுகளுக்குக் கொண்டுபோக புஷ்ராடு என்னும் கம்பிகளைக் கொடுத்தார்கள். புஷ்ராடு என்றால் மந்தம் என்று நினைக்க வேண்டாம். ஹெட்டுக்கு நான்கு வால்வு, எஞ்சின் வேகத்தின் உச்ச எல்லையான சிவப்புக் கோடு 9,650 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று)! எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் வண்டியின் நீளவாக்கில் இருக்கும் வண்டிகள் ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு பக்கம் சாயும். இதில் கிளட்ச் எதிர்த்திசையில் சுற்றுவதால் அந்தச் சாய்வு வெகுவாகக் குறைகிறது.

4,000 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி தூங்கும். 5,000 தாண்டினால் வேறு வண்டி. வேல்ஸ் மலைச்சாலைகளில் கியரை இறக்கி இறக்கி ஓட்டுவதில்தான் சுகம். முன் ஃபோர்க் மட்டும் கொஞ்சம் தொளதொள.

ஹெட்டுகள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் டேப்பெட் வேலையை (வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை) வீட்டிலேயே முடித்துவிடலாம்: எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்லெட் 0.08, எக்ஸாஸ்ட் 0.10 மில்லிமீட்டர்.

ஆனால் மின்சாரம் தயாரிக்கும் சுருளான ஸ்டேட்டர்! அது எஞ்சினின் பின்பக்க மூடிக்குள் இருக்கிறது; மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். சிடிஐ என்ற மின்னணு இக்னிஷன் கொண்ட ஆரம்பகால மாடல்களில் ஸ்பார்க்குக்கான மின்சாரமும் அதிலிருந்துதான் வருகிறது. அது போனால் பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. வாட்டர் பம்ப் சீலும் அதே மூடியில்தான். எனவே ஒருமுறை எஞ்சினை இறக்கினால் ஸ்டேட்டர், சீல், கேம் ஷாஃப்டைச் சுற்றும் கேம் செயின் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

வாங்கப் போகிறீர்களா? முதல் வருட வண்டிகளில் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் கோளாறு இருந்தது. ஹோண்டாவே திரும்ப அழைத்துச் சரிசெய்தது. சரிசெய்த எஞ்சினில் எஞ்சின் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் குத்தியிருக்கும். அவை இல்லாத பழைய வண்டி என்றால், எஞ்சின் இறக்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.