சார்ஜே போடாத போன்: 20 வருட அனுபவம்

பட்டன் வைத்த சாதாரண லேண்ட்லைன் போன் ஒன்றை 20 வருடமாக வைத்திருக்கிறேன். இதுவரை அதற்கு பேட்டரி வாங்கியதில்லை, பிளக்கில் செருகியதில்லை. கரன்ட் போய் வீடே இருட்டில் கிடக்கும்போதும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஏன் என்று யோசிக்கவே எனக்குப் பல வருடம் ஆனது.

ஒருநாள் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தேன். 51 வோல்ட் டிசி. ரிசீவரை எடுத்ததும் 8 வோல்ட்டுக்கு இறங்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் லெட் ஆசிட் செல்கள் 24 வரிசையாக நிற்கின்றன. அந்த 48 வோல்ட்தான் செம்புக் கம்பி வழியாக வீடு வரைக்கும் வருகிறது. சார்ஜர் எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால் அளவு கொஞ்சம் கூடத்தான் காட்டும். பேட்டரியின் பாசிட்டிவை எர்த் செய்து, லைனுக்கு நெகட்டிவைக் கொடுக்கிறார்கள். ஈரம் இறங்கிய கேபிளில் செம்பு அரித்துப் போகாமலிருக்க இந்த ஏற்பாடு.

48 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் அறுந்த வயரை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்துவிட்டது. மணியடிக்க அனுப்புவது 75 முதல் 90 வோல்ட் ஏசி! கை உதறிய உதறலில் ஸ்க்ரூடிரைவர் எங்கே போனதென்றே தெரியவில்லை.

சும்மா வருகிற கரன்ட்டை விடுவானேன் என்று ஒரு எல்இடியை ரெசிஸ்டரோடு லைனில் மாட்டியும் பார்த்தேன். அழகாக எரிந்தது. அன்று அரைநாள் முழுக்க என்னை அழைத்தவர்களுக்கெல்லாம் 'எங்கேஜ்டு' டோன்தான். லைனில் கரன்ட் ஓடுகிறதா என்பதை வைத்துத்தான் ரிசீவர் எடுக்கப்பட்டதா இல்லையா என்று எக்ஸ்சேஞ்ச் முடிவு செய்கிறது. அதனால் ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது போன் கரன்ட் இழுக்கவே கூடாது. பேசும்போதும் 20, 30 மில்லி ஆம்பியர்தான். 8 வோல்ட்டோடு பெருக்கினால் கால் வாட் கூடத் தேறாது. மொபைல் சார்ஜ் போடும் ஆசையை அன்றே விட்டேன்.

குறை என்றால், ஒரே லைனில் மூன்று போன் மாட்டி மூன்றையும் ஒன்றாக எடுத்தால் குரல் மெலிந்துவிடும். இருக்கும் கரன்ட்டைத்தானே பங்கு போட வேண்டும். அப்புறம் கார்ட்லெஸ் போனுக்கு இந்தப் பெருமை எதுவும் கிடையாது. அதன் பேஸ் வீட்டுக் கரன்ட்டில் ஓடுவது, கரன்ட் போனால் அதுவும் போகும்.

இப்போது ஃபைபர் இணைப்புக்கு மாறிவிட்டேன். கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. பழைய போனை ஃபைபர் பெட்டியின் பின்னால் செருகியிருக்கிறேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 47 வோல்ட்! எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை இந்தச் சின்னப் பெட்டி செய்கிறது. ஆனால் பெட்டிக்குக் கரன்ட் வேண்டுமே. அதற்கென்று ஒரு மினி யூபிஎஸ் வாங்கினேன், 3 மணி நேரம் தாங்குகிறது. அதன் பேட்டரியை ஏற்கெனவே ஒரு முறை மாற்றியாயிற்று.